சித்திரை ஒன்றில் ஏழாவது ஆட்டம்

பூவத்தாங்குடி,
கீழ்வேளூர் வழி.
2-3-1970

இராஜாங்கத்துக்கு,

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை, அதனால் போடவில்லை. அப்பா போய் இன்றோடு இருபத்தாறு நாள். அமிர்தலிங்கம் அண்ணன் விவசாயச் சங்க வேலையைப் போட்டுவிட்டு சைக்கிளில் கீழ்வேளூர் போய் உனக்குத் தந்தி கொடுத்தார். மூன்றாம் நாள் உன் பதில் வந்தது. ‘வர இயலவில்லை மன்னிக்கவும்.’ தபால்காரர் அதைப் படித்துச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே சைக்கிளை எடுத்தார்.

கொள்ளி வைத்தது சித்தப்பா மகன் தங்கையன். பதினாறாம் நாள் வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். “ஒத்தப் புள்ள, அவன் எங்கம்மா?” கப்பலில் இருக்கிறான் என்றேன். இப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கனடா என்று ஒரு தேசத்தில் எவனெவனோ சறுக்கி விளையாட ஐஸ் போட்டுக் கொடுக்கிறான், அதனால் அப்பன் சாவுக்கு வரவில்லை என்று நான் எந்த வாயால் சொல்வது?

உன் வேலையைப் பற்றி நீ எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “தண்ணிய ஒறைய வச்சு அது மேல ஓடுறானுவளா? நாம இங்க ஒரு மடைத் தண்ணிக்கு அடிச்சுக்கிட்டு சாவுறோம்” என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பண்ணையிடம் முப்பது வருஷமாக நாம் குத்தகைக்கு உழுகிற ஒன்பது மா நிலம் அப்பா பேரில் இருக்கிறது. உழுகிறவன் பேரைப் பதிவு செய்ய வேண்டும், பதிந்துவிட்டால் யாரும் வெளியேற்ற முடியாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது அல்லவா, அதற்கு மனுப் போடப் போகிறேன். கட்டிய இடத்திலிருந்து மூன்றே வருஷத்தில் திரும்பி வந்தவளுக்கு இந்த ஒன்பது மாவை விட்டால் நிற்க இடமில்லை. என் பேரில் பதிய உனக்குச் சம்மதம் என்று ஒரு தாள் எழுதி அனுப்பு. அதையாவது செய்.

செவ்வந்தி

*

ஸ்டோன் ஹார்பர்,
நோவா ஸ்கோஷியா, கனடா.
20-3-1970

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போடாவிட்டாலும் நான் போடுகிறேன்.

தந்தி வந்த அன்று கம்ப்ரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தேன். படித்தேன், மடித்துப் பையில் வைத்தேன், எழுந்து போய் பிரஷர் பார்த்தேன். பிறகுதான் அழுகை வந்தது. கப்பலை விட்டு இறங்கிய எனக்கு இங்கே தங்குவதற்கான காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை, அக்கா. வருவதற்கு முன் வெளியே போனால் திரும்பி உள்ளே விட மாட்டார்கள். கப்பல் வேலையும் போய், இதுவும் போய் நான் வந்து நின்றால் உனக்கு என்ன பிரயோசனம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரிதானா என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

சம்மதத் தாள் இதோடு வைத்திருக்கிறேன். பண்ணை ஏஜெண்டு சாமியப்பன் ஏதாவது சொன்னாரா? சும்மாதான் கேட்டேன்.

என் வேலையை நீ கேவலமாக நினைக்க வேண்டாம். நாகப்பட்டினம் ஐஸ் பேக்டரியில் மீனுக்கு ஐஸ் போட்டேனே, அதே அம்மோனியா, அதே உப்புத் தண்ணீர், அதே நாற்றம். இங்கே தரைக்கு அடியில் குழாய் ஓடுகிறது, மேலே நான் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுகிறேன். ஒரு மாவுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும் தளம். ஒரு இடம் மேடு, ஒரு இடம் பள்ளம் என்று இருக்கக்கூடாது. அப்பா நாற்றங்கால் பரம்படித்துவிட்டு வரப்பில் குந்தி ஒற்றைக் கண்ணால் பார்ப்பாரே, அதேபோல் குந்திப் பார்க்கிறேன். “என்ன பண்ணுறான் இவன்?” என்று முதலில் சிரித்தவர்கள் இப்போது என்னைக் கேட்டுத்தான் ஐஸில் கால் வைக்கிறார்கள்.

ஆட்டம் என்னவென்றால், பக்கத்துக்கு ஆறு பேர், காலில் கத்தி வைத்த பூட்ஸ், கையில் வளைந்த கோல். உளுந்து வடை அளவில் கருப்பு ரப்பர் வில்லை ஒன்றை எதிராளி வலைக்குள் தள்ள வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள். இந்த மாதம் முப்பதாம் தேதி இறுதித் தொடர் தொடங்குகிறது. எங்கள் துறைமுக ஊருக்கும் காகித மில் ஊருக்கும் ஏழு ஆட்டம். நான்கு ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை. ஏழுமே இங்கேதான், மில் ஊர்க் கொட்டகைக் கூரை பனியில் இறங்கிவிட்டது. எனவே எல்லாப் பாரமும் என் ஐஸ் மேல்.

இராஜாங்கம்

*

பூவத்தாங்குடி
7-4-1970

இராஜாங்கத்துக்கு,

தாள் வந்தது. தாசில்தார் ஆபீசில் மனுவோடு கொடுத்துவிட்டேன்.

ஏழு ஆட்டமா? நம் ஊரில் சடுகுடு ஒரு சாயங்காலத்தில் முடிந்து, அடிதடியும் முடிந்து, எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிடுகிறார்கள். உன் ஆட்களுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

இங்கே உளுந்து பறித்துக்கொண்டிருக்கிறோம். அறுப்புத் தகராறுக்குப் பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் இன்னும் போலீஸ் வேன் நிற்கிறது. இந்தக் கொடிக்காரரும் அந்தக் கொடிக்காரரும் மாறி மாறி வந்து பதிவு பண்ணும்மா, பதிவு பண்ணும்மா என்கிறார்கள். சட்டம் போட்டவர் மெட்ராஸில், தம்பி சீமையில், வரப்பில் நிற்பவள் நான்.

நீ கேட்டாயே என்று சொல்கிறேன். ஏஜெண்டு சாமியப்பன் நேற்று வயலுக்கே வந்தார். வெல்லம் மாதிரிப் பேச்சு. “தம்பி எங்கம்மா இருக்கான்?” “கப்பல்ல.” “எப்ப வருவான், போவான்?” “அவனுக்கே தெரியாது.” “சரி சரி. சித்திரை பொறக்கட்டும், குத்தகைச் சீட்டு எழுதும்போது பேசிக்கலாம்” என்று சிரித்துக்கொண்டே போனார்.

நீ ஏன் அவரைப் பற்றிக் கேட்டாய்?

செவ்வந்தி

ஆட்டம் என்னவாயிற்று என்று வேண்டுமானால் எழுது.

*

ஸ்டோன் ஹார்பர்
15-4-1970

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. முடிந்துவிட்டது. நேற்று மாலை ஏழாவது ஆட்டம். தோற்றுவிட்டோம்.

முதல் இரண்டும் நாங்கள். அடுத்த இரண்டு அவர்கள். ஐந்தாவது நாங்கள். ஆறாவதில் கோப்பை கையில் வந்திருக்க வேண்டும், நான்தான் கெடுத்தேன். அன்று காலை தளத்தின் ஒரு மூலை பள்ளமாகத் தெரிந்தது. இங்கே முறை என்னவென்றால் காகிதக் கனத்துக்குத் தண்ணீர் விட்டு, உறைய உறைய அடுத்தது விட வேண்டும். எனக்கு அந்த நேரம் அப்பா ஞாபகம். பள்ளம் என்றால் மடையைத் திறந்து நிரப்பு என்கிற கை இது. இரண்டு விரற்கடை தண்ணீரை ஒரே பாய்ச்சலாக விட்டுவிட்டேன். வெளியே வெயில் வேறு. சாயங்காலம் ஆட்டக்காரர்கள் வந்து பார்த்தால் மூலை நாற்றங்கால் மாதிரி இருக்கிறது! நாற்று ஒன்றுதான் பாக்கி.

மேனேஜர் என்னை நிற்க வைத்துக் கத்தினார். வியாழக்கிழமை ஆட்டம் சனிக்கு மாறியது, சனிக்கிழமை நடக்க வேண்டிய ஏழாவது ஆட்டம் செவ்வாய்க்கு மாறியது. ஓய்வு கிடைத்த மில் ஊர்க்காரர்கள் ஆறாவதை ஜெயித்தார்கள். ஊரே என்னை முறைத்தது. ஏழாவது முடிந்ததும் மூட்டை கட்டு என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

நேற்று இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்போது, முடிய ஒன்பது நிமிஷம் இருக்கையில், எங்கள் வலைக்கு முன்னால் ஐஸ் பெயர்ந்து குழி விழுந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தினார்கள். மூவாயிரம் பேர் பார்க்க, வாளியோடு நான் ஒருவன் உள்ளே போனேன். கையுறையைக் கழற்றிவிட்டு, நொறுங்கிய ஐஸைத் தண்ணீரில் குழைத்து, வரப்பில் நண்டு வளை அடைப்போமே, அப்படி அடைத்து உள்ளங்கையால் தடவினேன். நாலு நிமிஷம். விரல் இன்னும் மரத்துக் கிடக்கிறது. பிறகு கடைசி வரை அந்த இடம் அசையவில்லை. ஆட்டம் போனது, ஐஸ் தாங்கியது.

மேனேஜர் வந்து தோளில் தட்டி, “மூட்டையைப் பிரி” என்றார். இன்றைய பேப்பரில் என் படம் வந்திருக்கிறது. முழுப் பக்கத்தையும் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். முட்டி போட்டிருப்பவன் நான்தான்.

இராஜாங்கம்

*

பூவத்தாங்குடி
21-5-1970

இராஜாங்கம்,

இது நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

நேற்று தாசில்தார் விசாரணை. என் மனு, உன் சம்மதத் தாள், முப்பது வருஷக் குத்தகைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். ஏஜெண்டு சாமியப்பன் எழுந்து ஒரே ஒரு தாளை நீட்டினார். ‘என் தகப்பனார் காலமானபடியால், வாரிசு என்ற முறையில் மேற்படி ஒன்பது மா நிலத்தையும் பண்ணை வசமே மனப்பூர்வமாக ஒப்படைத்துவிட்டேன். சாதாரண நாம வருஷம் சித்திரை மாதம் ஒன்றாம் தேதி.’ கீழே உன் கையெழுத்து.

பொய்க் கையெழுத்தாக இருக்கக்கூடாதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தேன். உன்னுடையதுதான். இராஜாங்கத்தில் அந்த ‘ஜா’வுக்குக் கொம்பு மாதிரி வளைத்துப் போடுவாயே, வாத்தியார் அடித்தும் விடாமல். அது.

“வருஷப் பொறப்பு அன்னிக்கு வந்தாங்க. எங்க வீட்டுலதான் சாப்பிட்டான். நானே நேர்ல இருந்து எழுதி வாங்குனேன். கப்பலுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டான்” என்று ஏஜெண்டு சொன்னார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். “புள்ள விட்டுக் கொடுத்தப்புறம் பொண்ணுக்கு என்ன பேச்சு?” என்று அவர் ஆள் ஒருவன் கேட்டான். அமிர்தலிங்கம் அண்ணன் சண்டை போட்டதால் ஜூன் இருபத்தைந்துக்கு வாய்தா கொடுத்திருக்கிறார் தாசில்தார். அன்றைக்கு முடித்துவிடுவாராம்.

அப்பா சாவுக்கு வர வழியில்லாதவனுக்கு ஏஜெண்டு வீட்டில் பொங்கல் சாப்பிட வழியிருந்ததா? கப்பல் நாகப்பட்டினம் வரை வந்ததா? பத்து மைல்தானேடா! என் முகத்தைப் பார்க்கப் பயந்து அப்படியே திரும்பிவிட்டாயா? ஐஸ், கனடா, ஏழு ஆட்டம் என்று நீ எழுதியதெல்லாம் கதையா? பேப்பர் படத்தில் குல்லாவுக்குள் இருப்பது யார் என்றே தெரியவில்லை. இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறதோ எனக்கென்ன தெரியும்.

கடிதங்களைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

செவ்வந்தி

*

ஸ்டோன் ஹார்பர்
4-6-1970
பதிவுத் தபால்

அக்கா,

கையெழுத்து என்னுடையதுதான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், கப்பல் வேலைக்கு மாலுமிப் புத்தகம் வாங்க உள்ளூர்ச் சான்று வேண்டியிருந்தது. அலைந்து பார்த்தும் கிடைக்கவில்லை. ஏஜெண்டு சாமியப்பன், “நான் வாங்கித் தர்றேன், ரெண்டு வெள்ளைத்தாள்ல அடியில கையெழுத்துப் போட்டுக் குடு, விண்ணப்பத்த நான் எழுதிக்கிறேன்” என்றார். போட்டுக் கொடுத்தேன். ஒரு தாளுக்குத்தான் சான்று வந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்க அப்போது தைரியமில்லை. கப்பல் ஏறிய பிறகு நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டது. அப்பாவுக்கும் எழுதவில்லை, உனக்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்றைக்கு நீ தாசில்தார் முன்னால் அப்படி நின்றிருக்க மாட்டாய். நீ என்ன திட்டினாலும் அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

ஆனால் நான் வரவில்லை. உன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போகவில்லை. அப்பா மேல் ஆணை. அந்த ஒரு விஷயத்தை மட்டும் நீ நம்ப வேண்டும், நிலம் போனாலும்.

இப்போது நிதானமாகப் படி. சாமியப்பன் ஏன் அந்தத் தேதியைப் போட்டார்? அப்பா இருந்தவரை என் கையெழுத்துக்கு மதிப்பில்லை. ஆகவே அப்பா போன பிறகுள்ள தேதி ஒன்று வேண்டும். பண்ணையில் எந்தச் சீட்டை எந்த நாளில் எழுதினாலும் சித்திரை ஒன்று என்றுதான் போடுவார்கள். நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகவே எழுதிவிட்டது. நீ கப்பலில் இருக்கிறான் என்று சொன்னதை நம்பி, கப்பல் எங்கேயாவது வந்து போயிருக்கும், யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

சித்திரை ஒன்று என்றால் ஏப்ரல் பதினாலு. அன்று செவ்வாய்க்கிழமை. ஏழாவது ஆட்டம். மூவாயிரம் பேர் பார்க்க நான் முட்டி போட்டு ஐஸில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தேன்! பேப்பரில் என் பேர், படம், தேதி மூன்றும் இருக்கிறது. அந்த மூலையில் நான் தண்ணீரைக் கொட்டாமல் இருந்திருந்தால் தொடர் சனிக்கிழமையே முடிந்திருக்கும், எனக்கும் படம் கிடையாது.

அடுப்பில் போட்டது எதுவானாலும் பரவாயில்லை. பேப்பர் ஆபீசுக்கு ஓடிப்போய் இன்னொரு பிரதி வாங்கிவிட்டேன். ஆசிரியர் முத்திரை வைத்துக் கடிதம் கொடுத்தார். மேனேஜர் வக்கீல் முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார். “உன் அக்கா நிலத்துக்கா? எத்தனை பக்கம் வேண்டும்?” என்று கேட்டார். எல்லாம் இந்த உறையில் இருக்கிறது. இருபத்தைந்துக்குள் வந்து சேர வேண்டுமே என்றுதான் எனக்கு இப்போது ஒரே கவலை.

இராஜாங்கம்

*

பூவத்தாங்குடி
28-6-1970

அன்புள்ள தம்பி இராஜாங்கத்துக்கு,

போட்டுவிட்டேன், பார்த்தாயா.

உறை இருபத்திரண்டாம் தேதி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கும்போது தபால்காரர், “நல்ல சேதியாம்மா?” என்றார். பிரித்து உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முழுதும் படித்து முடித்தபோது உளுந்து வேகப் போட்டது கருகிவிட்டிருந்தது.

இருபத்தைந்தாம் தேதி கதையைக் கேள். தாசில்தார் எல்லாவற்றையும் வரி விடாமல் படித்தார். பிறகு ஏஜெண்டைப் பார்த்து, “அந்தப் பையன் ஒங்க வீட்டுல சாப்பிட்டான்னீங்களே, என்ன சாப்பாடு?” என்று கேட்டார்.

“சர்க்கரைப் பொங்கல், வடை, மாங்கா பச்சடிங்க.”

“அன்னிக்கேதானா? நல்லா ஞாபகம் இருக்கா?”

“சித்திரை ஒண்ணுங்க, மறக்குமா? நானே எலையில போட்டனுங்க.”

தாசில்தார் பேப்பரை விரித்து அவர் பக்கம் திருப்பினார். ஏஜெண்டு உன் படத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பேப்பர்ல ஆயிரம் போடுவானுங்க. அன்னிக்கு இல்லேன்னா மறுநாளா இருக்கும்” என்றார். “கனடாவுலேருந்து மறுநாள் எப்படிங்க வருவான்?” என்று அமிர்தலிங்கம் அண்ணன் எழுந்தார். தாசில்தார் அவரை உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார். “நீ சொல்லும்மா. ஒன் தம்பி அன்னிக்கு ஊருக்கு வந்தானா?”

தம்பி, நான்கு மாதமாக உன்னைத் திட்டுவதற்கென்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். படுக்கும்போது சொல்வேன், களை எடுக்கும்போது சொல்வேன். அதையே எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

“எந்தம்பி வரலங்க. பெத்த அப்பன் சாவுக்கே வரல. இவரு வீட்டுப் பொங்கலுக்கா வருவான்?”

பதினாறாம் நாள் வந்த அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். தங்கையன் எழுந்து, “நாந்தாங்க கொள்ளி வச்சேன். அவன் வரல” என்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர், “வரலங்க, வரலங்க” என்றார்கள். உன்னை ஊரே பழித்த பழி, ஊரே உனக்காகச் சொன்ன சாட்சியாகிவிட்டது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தேன்.

ஒப்படைப்புச் சீட்டு செல்லாது என்று எழுதிவிட்டார். நாற்று நட்டதும் களை எடுத்ததும் இவள் கைதான் என்று அக்கம்பக்கத்து வயல்காரர்கள் சொன்னார்கள். ஒன்பது மாவும் என் பேரில் பதிவாகிவிட்டது. முத்திரை போட்ட நகலை அப்பா படம் இல்லாததால் அவர் துண்டு தொங்குகிற ஆணியில் மாட்டியிருக்கிறேன். ஏஜெண்டு சாமியப்பன் மேல் புகார் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவர் இப்போது எதிரே வந்தால் தெருவின் அந்த ஓரமாகப் போகிறார், சிரிப்பதில்லை.

நாங்கள் வெளியே வரும்போது தாசில்தார் கூப்பிட்டார். மறுபடி என்ன கேடு என்று பயந்து திரும்பினேன். “ஏம்மா, கடைசியில யாரு ஜெயிச்சா?” என்றார். “மில்லு ஊர்க்காரங்க ஜெயிச்சாங்க ஐயா. ஆனா ஐஸு தாங்கிச்சு” என்றேன்.

வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டதற்கு உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நேரில் வந்தால் இரண்டு அறை இருக்கிறது. கடிதங்களை அடுப்பில் போட்டேன் என்று எழுதியது பொய். போடப் போனேன், முடியவில்லை. எல்லாம் விதைக் குதிருக்குப் பின்னால் இருக்கிறது. ஊரில் இப்போது கேட்பவர்களிடம் கனடாவில் இருக்கிறான், ஐஸ் போடுகிறான் என்றே சொல்கிறேன். பேப்பரைப் பார்க்க வருகிறவர்களுக்கு மோர் கொடுத்து மாளவில்லை.

ஓடம்போக்கி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நேற்று மடையைத் திறந்து முதல் தண்ணீர் விட்டேன். கீழ்மூலை பள்ளத்தில் தண்ணீர் நிரம்புவதை வரப்பில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே அப்படித்தான் விட வேண்டும், தம்பி. ஒரே பாய்ச்சலாக.

உன் காகிதம் கைக்கு வந்ததும் வா. வந்தால் சித்திரை ஒன்றாம் தேதி வா. எல்லோரும் பார்க்கட்டும்.

செவ்வந்தி

*

ஸ்டோன் ஹார்பர்
13-7-1970

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை ஐஸ் இல்லாத வெறும் தளத்தின் நடுவில் உட்கார்ந்து நாலு முறை படித்தேன். கோடையில் தளத்தை உருக்கி விட்டுவிடுவார்கள், குழாய் மேல் மணல்தான் கிடக்கும். மேனேஜர் எட்டிப் பார்த்து, “என்ன ஆச்சு?” என்றார். ஜெயித்துவிட்டோம் என்றேன். அவர் கத்திய கத்தலில் புறாவெல்லாம் பறந்தது.

தங்கும் காகிதம் போன வாரம் வந்துவிட்டது. இனி நான் போகலாம், திரும்பி வரலாம். அப்பாவுக்கு இந்த வரியை எழுத முடியவில்லையே என்பதுதான் பாக்கி.

சித்திரை ஒன்றாம் தேதி வீட்டு வாசலில் நிற்பேன். இரண்டு அறையையும் எடுத்து வை, குறைக்க வேண்டாம். அன்றைக்கு இங்கே ஏழாவது ஆட்டம் வந்தால் என்ன செய்வாய் என்று மேனேஜர் கேட்டார்.

“ஐஸை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், அன்றைக்கு நான் ஊரில் இருந்தாக வேண்டும்” என்று சொல்லிவிட்டேன்.

உன் தம்பி
இராஜாங்கம்